ஊரடங்கில் தறிக்காரர் பிள்ளைகளோடு ஓவியம்: நகரி எல்லையிலிருந்து ஒரு பதில்

கேள்வி இது: "எங்கள் நூலகக் குழுவில் நான்கு பேர் இருக்கிறோம். புயல், மழை என்று பள்ளி மூடும் நாட்களில் கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் ஓவிய வகுப்பு நடத்த நினைக்கிறோம். ஊரடங்கு காலத்தில் நீங்கள் நகரி, பொதட்டூர்பேட்டை பக்கம் நடத்தியதாகக் கேள்விப்பட்டோம். எந்த ஆப் நல்லது? என்னென்ன பொருள் வேண்டும்? பிள்ளைகள் பாதியில் நின்றுவிடாமல் இருக்க என்ன செய்வது?"

ஆப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வீடியோ வகுப்பு வேண்டாம், வாட்ஸ்அப் போதும். அதிலும் மூன்றே வேலைதான். நீங்கள் பேசி அனுப்பும் இரண்டு நிமிடக் குரல் பதிவு, பிள்ளை வரைந்து அனுப்பும் படம், அந்தப் படத்தைப் பார்த்து அந்தப் பிள்ளைக்கென்றே நீங்கள் சொல்லும் பதில். உங்கள் நேரத்தில் பெரும்பகுதி மூன்றாவதற்குப் போக வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரிய, நடந்ததைக் கொஞ்சம் சொல்கிறேன்.

நான் ஓவிய ஆசிரியை. பிறந்தது நகரியை ஒட்டிய ஏகாம்பரகுப்பம், வாழ்க்கைப்பட்டது பொதட்டூர்பேட்டை. அது ஆந்திரா, இது தமிழ்நாடு. இரண்டு ஊரிலும் விடிந்ததும் காதில் விழுவது விசைத்தறிச் சத்தம்தான். அந்தச் சத்தத்துக்குள்தான் எங்கள் பக்கத்துக் குழந்தைகள் தூங்கவே பழகுகிறார்கள். 2020 மார்ச் 25-இல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது தறிகள் நின்றன. நூல் வரவில்லை, நெய்த துணி வெளியே போகவில்லை, கூலியும் இல்லை. எல்லையில் தடுப்பு போட்டார்கள். ஏப்ரல் கடைசியில் வேலூர் மாவட்டத்திலிருந்து சித்தூர் பக்கம் போகிற இரண்டு சாலைகளின் குறுக்கே சுவரே எழுப்பி, எதிர்ப்பு வந்ததும் இடித்தார்கள். எங்கள் சாலையில் சுவர் எழவில்லை. ஆனாலும் தடுப்பைத் தாண்டி என் அம்மா வீட்டுக்குப் போக எனக்கு மாதக்கணக்கில் வழியில்லை. நான் அறிந்த பிள்ளைகள் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருந்தார்கள். பள்ளிப் பாடம் இந்தப் பக்கம் கல்வித் தொலைக்காட்சியிலும் அந்தப் பக்கம் தூர்தர்ஷன் சப்தகிரியிலும் வந்தது. ஓவிய வகுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது, ஆரம்பித்தேன்.

ஆரம்பித்த விதம் தவறு. எல்லோரும் செய்வதுபோல ஜூமில் வைத்தேன். 34 பிள்ளைகளின் வீட்டுக்குச் சொல்லியிருந்தேன், 7 பேர் வந்தார்கள். இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான் கிடைக்கும். அதில் பாதி "கேக்குதா அக்கா?" என்பதிலேயே போனது. ஒரு பெண் குழந்தை கேமராவைப் போட்டதும், பின்னால் அவள் அப்பா தரையில் துண்டை விரித்துப் படுத்திருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. ஒரே அறை வீடு, பகல் நேரம், வேலை இல்லாத மனிதர். அவள் சட்டென்று போனைக் கவிழ்த்தாள். மறுநாள் வரவில்லை. நான் வீட்டுக்குப் போன் செய்து பேசியும் பல வாரம் வரவில்லை. அன்றைக்கு முடிவு செய்ததுதான்: எந்தப் பிள்ளையின் வீட்டையும் நான் கேமராவில் பார்க்க மாட்டேன். இதை நீங்களும் முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அசர் என்ற ஆய்வு நாடு முழுக்க ஊர்ப்புறப் பிள்ளைகளின் படிப்பைக் கணக்கெடுக்கிறது. பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளில் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தவர்கள் 2018-இல் 36.5 விழுக்காடு, 2020-இல் 61.8 விழுக்காடு என்று அது சொல்கிறது. இரண்டே வருடத்தில் பெரிய ஏற்றம்தான். ஆனால் வீட்டில் போன் இருக்கிறது என்றால் அது அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் 34 பிள்ளைகளுக்கும் சேர்த்து 19 போன்கள். அண்ணன், தங்கை, சித்தி மகன், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று சில போன்களில் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். ஊரடங்கு தளர்ந்து தறி ஓட ஆரம்பித்ததும் அந்த போனும் காலையில் தறிக்கூடத்துக்குப் போய்விட்டு இரவுதான் திரும்பும். ரீசார்ஜ் செய்யக் காசில்லாத வாரமும் உண்டு. இப்படி இருக்கும்போது "மாலை நான்கு மணிக்கு எல்லோரும் வாருங்கள்" என்று சொல்வதில் பொருளே இல்லை.

குரல் பதிவில் அந்தச் சிக்கல் கிடையாது. இரண்டு நிமிடப் பேச்சு ஒரு எம்பி அளவைத் தாண்டாது. இரவு ஒன்பது மணிக்கு அப்பா வந்த பிறகு கேட்கலாம், மறுநாளும் கேட்கலாம், தங்கை திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம்கூடச் செய்யலாம். நான் வாரம் இரண்டு பதிவு அனுப்பினேன், செவ்வாயும் வெள்ளியும். தினமும் அனுப்பினால் பிள்ளைகளுக்கும் சுமை, உங்களாலும் பதில் சொல்லி முடியாது.

குரலுக்கு எங்கள் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. நகரிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் தெலுங்கில் படிப்பார்கள். தமிழ் எழுத்து அவர்களுக்கு வராது. எழுதி அனுப்பியிருந்தால் பாதிப் பேருக்கு அது வெறும் கோடுதான். பேசினால் எல்லோருக்கும் புரிந்தது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் என்னை மிஸ் என்றார்கள், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மேடம் என்றார்கள். கொஞ்ச நாளில் தானாகவே இரண்டு பக்கமும் அக்காவுக்கு வந்து நின்றது. இரண்டு மொழிக்கும் பொதுவான சொல் அல்லவா! நீங்கள் எந்த ஊரில் செய்தாலும், பிள்ளைகள் வீட்டில் பேசும் பேச்சிலேயே பேசுங்கள். புத்தகத் தமிழில் பதிவு செய்தால் டிவி ஓடுகிறது என்று நினைத்துவிடுவார்கள்.

சரி, பொருளுக்கு வருவோம். கடை திறந்திருந்தாலும் கிரேயான் வாங்கும் நிலையில் யாரும் இல்லை. நாங்கள் ஒரு பொட்டலம் கட்டினோம். வெள்ளைத் தாள் இருபது, 2பி பென்சில் ஒன்று, ரப்பர், ஒரு சின்ன பிரஷ், அவ்வளவுதான். அறுபது ரூபாய்க்குள் முடிந்தது. சத்துணவுக்குப் பதிலாக அரிசி பருப்பு கொடுத்த நாட்களில் பெற்றோர் பள்ளிக்கு வந்தார்கள், அப்போதே கையில் கொடுத்தோம். எல்லைக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய பொட்டலங்களைக் காய்கறி வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர் கொண்டுபோய்ச் சேர்த்தார். சரக்கு வண்டிக்குத் தடை இல்லை என்பதால் முடிந்தது. முதல் பதிவு அனுப்பும் முன் எல்லோர் கையிலும் தாள் இருக்க வேண்டும். இதில் அவசரப்படாதீர்கள். தாள் கிடைக்காத பிள்ளை முதல் நாளே வெளியே நின்றுவிடுகிறது.

வண்ணத்தை வாங்கவில்லை. மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்தால் மஞ்சள். அதில் கடுகளவு சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு. ஆரத்தித் தட்டில் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான், ஆனால் அதை வண்ணமாக யாரும் நினைத்ததில்லை. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. பெரியவர் பக்கத்தில் இருந்தால்தான் தொடலாம் என்று குரல் பதிவில் மூன்று தடவை சொன்னேன். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குச் சுண்ணாம்புக்குப் பதில் சமையல் சோடா சொன்னேன், அதிலும் சிவக்கும். சங்குப்பூவைக் கசக்கினால் நீலம், அதில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் ஊதா. டீத்தூள் டிகாஷன் பழுப்பு. செங்கல் பொடி, அடுப்புக்கரி, அவரை இலையை அப்படியே தாளில் தேய்த்தால் வரும் பச்சை. மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டு ஒரு பையனை அழவைத்திருக்கிறேன்.

பசைக்கும் காசு வேண்டாம். பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போடுகிற வீட்டில் பசைக்கு என்ன பஞ்சம்? தறிக்கூடத்து மூலையில் கழிவு நூல் கிடக்கும், நூல் சுற்றி வந்த கோனின் அட்டை கிடக்கும். கழிவு நூலைக் கஞ்சியில் தோய்த்து அட்டையில் ஒட்டி மீன் செய்தார்கள், மயில் செய்தார்கள், ஒரு சிறுமி அவள் ஆயாவின் முகத்தையே செய்தாள், சுருக்கமெல்லாம் நூலாலேயே. கல்யாணப் பத்திரிகையின் எழுதாத பக்கம், பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம் இவையெல்லாம் நல்ல தாள். உங்கள் ஊரில் தறி இல்லையென்றால் வேறு ஏதாவது இருக்கும். செங்கல் சூளையா, பீடியா, தீப்பெட்டியா, அந்த வேலையில் மிச்சமாகும் பொருளை முதலில் போய்ப் பாருங்கள்.

இப்போது வரைவதைப் பற்றி. முதல் வாரம் "உங்கள் ஊரை வரையுங்கள்" என்றேன். வந்த படங்களில் முக்கால்வாசி ஒன்றேதான். முக்கோணமாய் இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. எங்கள் பக்கத்து மலை அப்படியா இருக்கிறது? நகரி மலையில் மனித மூக்கைப் போல நீட்டிக்கொண்டு நிற்கும் பாறை இருக்கிறது. நகரி மூக்கு என்றே அதற்குப் பெயர். கடலில் வரும் கப்பல்காரர்கள் அந்தக் காலத்தில் கரையை அடையாளம் காண அதைத்தான் பார்ப்பார்கள். அத்தனை பேர் கண்டுகொண்ட மூக்கு, வாசலில் நின்றாலே தெரியும் பிள்ளைகளின் படத்தில் இல்லை!

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பள்ளியில் நாமேதான் அந்த முக்கோண மலையைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினோம். அடுத்த பதிவில் இப்படிச் சொன்னேன்: "கண்ணு, தாளை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போ. மலையைப் பாரு. தாளைப் பார்க்காதே. உன் விரலால காத்துல மலையோட விளிம்பைத் தடவு, மெதுவா, எறும்பு ஊர்ற மாதிரி. மூணு தடவை. அப்புறம் பென்சிலை எடு." அந்த வாரம் வந்த படங்களில் மூக்கு இருந்தது. ஒன்றில் மூக்கு மேல் பார்த்தது, ஒன்றில் கீழே தொங்கியது, ஒன்றில் மூக்குக்குப் பக்கத்தில் செல்போன் டவர். ஒன்றைப்போல் ஒன்று இல்லை. நான் நடத்தியதில் முதல் உண்மையான வகுப்பு என்றால் அதுதான்.

திருத்தலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். சின்னப் பிள்ளைகளின் படத்தைத் திருத்தாதீர்கள். விக்டர் லோவன்ஃபெல்ட் என்று ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த ஒருவர், குழந்தைகளின் ஓவியம் வயதுக்கு வயது எப்படி மாறுகிறது என்பதை விரிவாக எழுதியிருக்கிறார். ஏழு வயது வாக்கில்தான் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு போட்டு அதன்மேல் எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். அதற்கு முன் வீடும் ஆடும் அம்மாவும் தாளில் மிதப்பார்கள். சுவருக்குள் இருப்பவர்களும் வெளியே தெரிவார்கள். முக்கியமானவர் பெரிதாக இருப்பார். எங்களுக்கு வந்த ஒரு படத்தில் தறியைவிட அம்மா நான்கு மடங்கு பெரிது. அது பிழை இல்லை. "தறி இவ்ளோ சின்னதாவா இருக்கும்?" என்று கேட்டுவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த படம் வராது.

பதில் சொல்வது பற்றி இங்கேதான் சொல்ல வேண்டும். "சூப்பர்", "வெரி குட்", கைதட்டும் பொம்மை, இவற்றை நானும் முதல் மாதம் அனுப்பினேன். எல்லோருக்கும் ஒன்றையே அனுப்பினால் அது யாருக்குமே போய்ச் சேர்வதில்லை. பிறகு ஒவ்வொரு படத்துக்கும் பத்து விநாடி, இருபது விநாடி பேசி அனுப்பினேன். அதில் அந்தப் படத்தில் மட்டும் இருக்கிற ஒரு விஷயத்தைச் சொல்வேன், ஒரு கேள்வி கேட்பேன். "ஆட்டோட காதை மட்டும் அழுத்தி வரைஞ்சிருக்கியே, அது எதையோ கேட்டுக்கிட்டு இருக்கா?" பதில் உடனே வரும். "ஆமாக்கா, எங்கம்மா தழை ஒடிக்கிற சத்தம் கேக்குது." அடுத்த படத்தில் அம்மாவும் தழையும் இருக்கும். 34 பிள்ளைகளுக்கு இப்படிப் பேச ஒரு பதிவுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆனது, படத்தை நின்று பார்க்கும் நேரத்தையும் சேர்த்து. நீங்கள் நான்கு பேர் என்கிறீர்கள். ஆளுக்குப் பத்துப் பிள்ளைக்கு மேல் எடுக்காதீர்கள், பிள்ளையை மாற்றிக்கொள்ளவும் வேண்டாம். போன வாரம் ஆட்டின் காதைப் பற்றிப் பேசிய குரலேதான் இந்த வாரமும் பேச வேண்டும். பிள்ளைகள் நின்றுவிடாமல் இருக்க என்ன வழி என்று கேட்டீர்கள், எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

போட்டி வைக்காதீர்கள். ஆகஸ்ட் 15-க்கு நான் ஒரு போட்டி வைத்து மூன்று பரிசு கொடுத்தேன். மற்றவர்களில் 11 பேர் அடுத்த இரண்டு வாரம் படமே அனுப்பவில்லை. ஒவ்வொருவரையும் திரும்பக் கூப்பிட செப்டம்பர் முழுக்க ஆயிற்று.

அந்தச் செப்டம்பரில்தான் துணியில் படம் எழுதும் கலையான கலம்காரிக்குப் போனோம். எங்களுக்கு வடக்கே இருக்கிற காளஹஸ்தி, நம் திருக்காளத்தி, கையால் எழுதும் கலம்காரிக்குப் பேர்போனது. மசூலிப்பட்டினத்தில் அச்சுக்கட்டை வைத்து அடிப்பார்கள், காளஹஸ்தியில் குச்சியால் எழுதுவார்கள். கோயிலில் தொங்கவிடும் கதைத் துணிகளெல்லாம் இந்த முறைதான். ஒரு தகப்பனார் என்னிடம் நேராகவே கேட்டார்: "வேலையே இல்ல, இதுல படம் வரைஞ்சு என்னாம்மா ஆகப்போவுது?" நியாயமான கேள்வி. காளஹஸ்தியில் இதே துணியில் எழுதிப் பிழைத்த குரப்ப செட்டி 2008-இல் பத்மஸ்ரீ வாங்கினார் என்று சொன்னேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மகனுக்கு ஒரு முழம் வெளுக்காத கோரா துணி வெட்டிக் கொடுத்தார். தறிக்காரர் வீட்டில் துணிக்குக் குறைவில்லை.

செய்முறை இதுதான், நீங்களும் செய்யலாம். துருப்பிடித்த ஆணி, போல்ட்டு, லாடத் துண்டு இவை போதும், பழைய பிளேடு துண்டு வேண்டாம். அவற்றோடு ஒரு கட்டி பனைவெல்லம் சேர்த்து, மண் பானையிலோ கண்ணாடிப் பாட்டிலிலோ தண்ணீர் ஊற்றி ஊற வைக்க வேண்டும். மூடியை இறுக்கக் கூடாது, நுரைத்துப் பொங்கும். இரண்டு மூன்று வாரத்தில் புளித்த வாடையோடு ஒரு பழுப்புத் தண்ணீர் கிடைக்கும். காளஹஸ்தியில் இதைக் கசிமி என்பார்கள். இன்னொரு பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி, கொட்டையை எடுத்து இடித்து, தண்ணீரில் கரைத்து, அதில் எருமைப் பால் சேர்த்து, துணியை நனைத்து நிழலில் உலர்த்த வேண்டும். பால் எதற்கு என்றால், அதன் கொழுப்பு மை பரவாமல் பிடித்து வைக்கும். பால் சேர்க்காமல் செய்த வீடுகளில் கோடெல்லாம் ஊறிப் பரவியது. எருமை வைத்திருந்த ஒரு வீட்டம்மா தெருவுக்கே ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தார்.

எழுதும் குச்சிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, நுனிக்குச் சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி, மேலே நூலால் இறுகக் கட்டுவார்கள். சுற்றிய பகுதி மையைக் குடித்து வைத்துக்கொள்ளும், விரலால் லேசாக அழுத்தினால் நுனிக்கு இறங்கும். இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லிக் கொடுக்கவே தேவைப்படவில்லை. "தார் சுத்துற மாதிரி சுத்து" என்றேன், முடிந்தது. ஏழு வயதிலேயே அம்மாவுக்குத் துணையாய்த் தார் சுற்றி, அதாவது தறியின் குறுக்கு நூலைச் சின்னக் குழலில் சுற்றி, பழகிய கைகள். என்னைவிட அழகாகச் சுற்றினார்கள். கோட்டோவியத்துக்குப் புளியங்குச்சிக் கரி. காளஹஸ்தியிலும் அதே புளியங்குச்சிதான். பழைய டின்னில் குச்சிகளை அடைத்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, சமையல் முடிந்த அடுப்புத் தணலில் பெரியவர்கள் வைத்துக் கொடுத்தார்கள்.

கடுக்காய்த் துணியில் கசிமி பட்டால் முதலில் மங்கலாய், டீக்கறை போலத்தான் தெரியும். பிறகு கண்ணெதிரே கறுக்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை. அந்தத் தகப்பனாரின் மகன், ஐந்தாம் வகுப்பு, அவன் அனுப்பிய குரல் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு பேசுகிறான். "அக்கா கோடு தெரியல... தெரியல... அக்கா கறுக்குது! அக்கா கறுக்குது, கறுக்குது!" பின்னால் அவன் அப்பாவின் குரல்: "அட, ஆமாடா." அவன் வரைந்தது அவர்கள் வீட்டுத் தறி. குறுக்கு நூலோடு நாடா ஓடும் பலகை, பாவு உருளை, மேலே தொங்கும் குண்டு பல்பு எல்லாம் அளவெடுத்தது போல இருந்தது. பாவின் இழைகளை மட்டும் பாதியில் நிறுத்தியிருந்தான். ஏன் என்று கேட்டேன். "நூல் இன்னும் வரலக்கா" என்றான்.

சிவப்புக்குப் படிகாரமும் வேரும் சேர்த்துத் துணியைக் கொதிக்க வைக்க வேண்டும், அது வீட்டில் பிள்ளைகளுக்கு ஆகாது என்று விட்டுவிட்டோம். கறுப்பே போதுமானதாக இருந்தது.

கறுப்பு என்றதும் இன்னொன்று. எனக்கு உதவ வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி ஒரு பையனைப் பற்றிக் கவலைப்பட்டாள். அவன் ஒரு மாதமாகக் கறுப்பில் மட்டும் வரைகிறான், மனதில் ஏதோ பாரம் இருக்கிறது என்றாள். விசாரித்தேன். அவன் வீட்டில் கரி மட்டும்தான் இருந்தது. மஞ்சள் தூளைக் குழம்புக்கே எண்ணி எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். படத்தைப் பார்த்து மனதைப் படிக்கும் வேலையை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளை தானாக எதையாவது சொன்னால் நிதானமாகக் கேளுங்கள். அடி, பட்டினி, கல்யாணப் பேச்சு, தொடக்கூடாத இடத்தில் தொடுவது என்று எதுவாவது காதில் விழுந்தால் 1098-க்குச் சொல்லுங்கள். அந்த எண்ணை உங்கள் நால்வரின் போனிலும் முதல் நாளே பதிந்து வையுங்கள்.

பாதுகாப்பில் நிறைய பேர் கவனிக்காத ஒன்று உண்டு. வாட்ஸ்அப் குழு தொடங்கினால் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகளின் வீட்டு எண்கள் அவை. எங்கள் குழுவில் ஒரு வீட்டுப் பெரிய பையன் வேறொரு வீட்டு எண்ணுக்குத் தேவையில்லாத செய்தி அனுப்பினான். அன்றே குழுவைக் கலைத்தேன். அதன்பின் பிராட்காஸ்ட் பட்டியல்தான். உங்கள் பதிவு எல்லோருக்கும் போகும், பதில் உங்களுக்கு மட்டும் வரும், ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. ஒரே நிபந்தனை, அவர்கள் போனில் உங்கள் எண் சேமித்திருக்க வேண்டும், இல்லையென்றால் போய்ச் சேராது. பொட்டலம் கொடுக்கும்போதே சேமிக்க வைத்துவிடுங்கள். படத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், முகமும் வீடும் வேண்டாம். உதவ முன்வந்த ஒருவர், பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி பிள்ளைகள் நிற்கும் போட்டோ கேட்டார். முடியாது என்றேன். அந்தப் பணம் வரவில்லை. பொட்டலத்தில் தாள் இருபதிலிருந்து பன்னிரண்டாகக் குறைந்தது. அதற்காக நான் வருந்தவில்லை.

பிராட்காஸ்ட் பட்டியலில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்களே என்பது நியாயமான குறை. அதற்கு நாங்கள் கண்ட வழி: ஒரு பிள்ளையின் படத்தை, அவர்களைக் கேட்டுக்கொண்டு, பெயர் சொல்லாமல் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளைக்கு அனுப்புவேன். "இதை மீதி நீ வரை." நகரியில் பாதி முடிந்த மாமரம் பொதட்டூர்பேட்டையில் முடிந்து திரும்பும். கண்ணப்பர் கதையை இப்படி எட்டுத் துண்டாகப் பிரித்து வரைந்தோம். இரண்டு மொழிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அந்தப் பக்கத்துக் கண்ணப்பருக்கு மீசை கூடுதல், இந்தப் பக்கத்து நாய்க்கு வால் சுருட்டை. போக முடியாத சாலையில் படம் போய் வந்தது அவர்களுக்குப் பெரிய சந்தோஷம். "என் மரத்துக்கு யாருக்கா காய் வச்சது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 2021 மே மாதம் இரண்டாம் அலை வந்தபோது பல வீடுகளில் காய்ச்சல், சில வீடுகளில் சாவு. அந்த ஐந்து வாரம் நான் எதையும் வரையச் சொல்லவில்லை. செவ்வாயும் வெள்ளியும் ஒரு கதை மட்டும் பேசி அனுப்பினேன். வரைந்தவர்கள் வரைந்தார்கள். பெரிய பையன்களில் நான்கு பேர் தறிக்கு வேலைக்குப் போனார்கள், அவர்களில் ஒருவனைத்தான் பள்ளிக்குத் திருப்ப முடிந்தது, அதுவும் அவன் தலைமையாசிரியர் வீட்டுக்கே போய்ப் பேசியதால். ஓவியம் அவர்களைப் பிடித்து வைக்கவில்லை. வாரக்கூலி எவ்வளவு அவசரமாக இருந்தது என்று எனக்குத் தெரியும்.

2021 நவம்பர் 1-இல் இந்தப் பக்கம் சின்ன வகுப்புகள் திறந்தன. போனைக் கவிழ்த்த அந்தப் பெண் குழந்தை அதற்குள் திரும்பி வந்திருந்தாள். குரலில் மட்டும் பேசுவாள். பள்ளி திறந்த முதல் வாரம் என்னைப் பார்த்தபோது ஒரு காலண்டர் தாளைக் கையில் கொடுத்தாள். துண்டை விரித்துத் தூங்கும் மனிதர், பக்கத்தில் விசிறி. விசிறியைப் பிடித்திருக்கும் கை மட்டும் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. "அது நானு" என்றாள்.

உங்களுக்கு மழைக்காலம்தான் கணக்கு என்றால், ஐப்பசி பிறந்த பிறகு ஆரம்பிக்கக் கூடாது. கசிமிக்கே மூன்று வாரம் வேண்டும், மழை பிடித்துவிட்டால் துணி உலராது. புரட்டாசியிலேயே ஆணியை ஊறப் போடுங்கள். கடுக்காயைக் கால் கிலோ வாங்கினால் போதும், பத்து வீட்டுக்கு வரும். பொட்டலத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டுங்கள். ஓட்டு வீடுகளில் தாள் நனைந்துவிடும்.